நிறைந்த நிலத்தில் மழை எங்கே தங்கும்?

ராமநாதபுரம் கடற்கரையில், முழுதாக மக்காத தாவர மிச்சம் படிந்த ஈரநிலமான பீட் (peat) நிலம் கிடையாது. தொண்டியில் தொடங்கித் தேவிபட்டினம், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி வழியாகச் சாயல்குடி வரை சென்றாலும் மணல்மேடு, களர்நிலம், பனங்காடு, உடைமரக்காடு, உப்பளம், காரங்காட்டுப் பக்கம் அலையாத்திக் காடு ஆகியவற்றைத்தான் பார்க்க முடியும். ஆனாலும் குளிர்நாட்டு மலைகளில் படிந்து கிடக்கும் அந்த மண்ணைப் பற்றிச் சில ஆண்டுகளாகத் தேடித் தேடிப் படித்து வருகிறேன். எங்கள் பகுதியில் கண்மாய்களைக் காப்பது குறித்து நடக்கும் கூட்டங்களிலும், பள்ளிச் சுவர்களில் வரையப்படும் படங்களிலும், “ஈரநிலங்கள் பஞ்சைப் போல மழையை உறிஞ்சி வெள்ளத்தைத் தடுக்கின்றன, பிறகு கோடையில் அந்த நீரைச் சிறுகச் சிறுக விடுகின்றன” என்ற கூற்று திரும்பத் திரும்ப வருகிறது. இந்தக் கூற்றை மழைமானியும் ஓடைமட்ட அளவுகோலும் வைத்துப் பல பத்தாண்டுகள் விடாமல் சோதித்துப் பார்த்த இடங்களில் பீட் நிலங்கள் முக்கியமானவை. அங்கே கிடைத்த விடை பஞ்சு உவமையை அப்படியே ஏற்கவும் இல்லை, முற்றிலும் தள்ளவும் இல்லை. அந்த விடையின் நுட்பம் கண்மாய் நம்பிப் பிழைக்கும் ஊர்களுக்கு மிகவும் வேண்டியது என்று நான் நினைக்கிறேன்.

நீர் தேங்கிக் காற்றுப் புகாத இடத்தில் செடிகள் மடியும்போது, அவற்றை மக்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்குப் போதிய ஆக்சிஜன் கிடைப்பதில்லை. முழுதாக மக்காமல் ஆண்டுதோறும் மேலும் மேலும் படிகிற அந்தத் தாவர மிச்சமே பீட். பொதுவாக ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் அது வளரும் என்பதால், ஒரு மீட்டர் கனமுள்ள படிவத்துக்கு ஆயிரம் ஆண்டு வயது இருக்கலாம். உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ 3 விழுக்காடுதான் இத்தகைய நிலம் என்றாலும், உலக மண்ணில் அடங்கியுள்ள கரிமத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதில் இருக்கிறது. ஸ்காட்லாந்து, அயர்லாந்து, ரஷ்யா, கனடா ஆகிய குளிர்ப் பகுதிகளில் மட்டுமல்லாமல், இந்தோனேசியாவின் தாழ்ந்த கடலோரக் காடுகளிலும் காங்கோ ஆற்றுப் படுகையிலும் பரந்த பீட் நிலங்கள் உள்ளன. நம் நீலகிரியிலும், புல்வெளிக் குன்றுகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களில் சிறு சிறு பீட் படிவங்கள் இருக்கின்றன. அவற்றிலிருந்து எடுத்த மண்ணின் கரிம அணுக்களை அளந்து, 20,000 ஆண்டுகளின் பருவமழை மாற்றங்களை வாசித்த ஆய்வு ஒன்று 1993இல் வெளிவந்தது.

நனைந்த பீட்டின் எடையில் 90 விழுக்காடு வரை நீர்தான். இந்த எண்ணைக் கேட்டதும் மனம் உடனே ஒரு முடிவுக்குத் தாவுகிறது: இவ்வளவு நீரை வைத்துக்கொள்ளும் மண் எவ்வளவு பெரிய மழையையும் விழுங்கிவிடுமே! நிலைமை நேர்மாறானது. 90 விழுக்காடு நீராக இருக்கிற ஒரு மண்ணில் அடுத்த மழைக்கு இடம் எங்கே இருக்கிறது? வெள்ளத்தைப் பொறுத்தவரை, ஒரு நிலம் எவ்வளவு நீரைத் தாங்கியிருக்கிறது என்பது கேள்வியே அல்ல. மழை தொடங்கும் நேரத்தில் அதில் எவ்வளவு காலி இடம் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

இதை என் பெரியப்பாவிடம் சொன்னபோது அவருக்கு வியப்பே இல்லை. எங்களுக்குத் திருப்புல்லாணிப் பக்கம் கண்மாய்ப் பாசனத்தில் கொஞ்சம் நிலம் உண்டு. மடை திறப்பதையும் அடைப்பதையும் சிறுவயது முதல் பார்த்து வளர்ந்தவர் அவர். “கண்மாய் பெருகிக் கெடக்கையில பெய்யிற மழை நமக்கு இல்லப்பா, அது கலுங்குக்கு” என்றார். கலுங்கு என்பது நிறைந்த கண்மாயின் மிகைநீர் வழிந்து வெளியேறும் இடம். புரட்டாசியில் வெடித்துக் கிடக்கும் கண்மாயில் விழுகிற முதல் பெருமழையைக் கண்மாய் சொட்டு விடாமல் வாங்கிக்கொள்ளும். அதே அளவு மழை கார்த்திகைக் கடைசியில், கண்மாய் ததும்பி நிற்கும்போது பெய்தால், ஏறத்தாழ முழுவதும் மறுகால் பாய்ந்து அடுத்த ஊருக்குப் போய்விடும். கண்மாயும் அதேதான், மழையும் அதேதான். கிழவர்கள் அறிந்த இந்தக் கணக்கைத்தான் இங்கிலாந்து மலைமேட்டில் கருவிகள் வைத்து அளந்திருக்கிறார்கள்.

வட இங்கிலாந்தின் பென்னைன் மலைத்தொடரில் மூர் ஹவுஸ் என்ற இடம் இருக்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 மில்லிமீட்டர் மழை பெறும் அந்த மேட்டை, மலையின் மேல் விரித்த போர்வையாகப் பீட் மூடியிருக்கிறது. ஜோசப் ஹோல்டன், டிம் பர்ட் ஆகிய இருவரும் அங்கே மழைநீர் எந்த வழியாக ஓடைக்கு வருகிறது என்பதை அடுக்கடுக்காக அளந்து 2003இல் வெளியிட்டார்கள். ஆண்டின் பெரும்பகுதியில் நிலத்தடி நீர்மட்டம் மேற்பரப்புக்குச் சில செ.மீ. ஆழத்திலேயே நிற்கிறது. மழை பெய்த சிறிது நேரத்தில் அந்தச் சிறு இடைவெளி நிரம்பிவிட, மீதி மழை தரையின் மேலேயே ஓடத் தொடங்குகிறது. ஓடைக்கு வரும் நீரில் மிகப் பெரும்பகுதி தரைமேல் ஓட்டமாகவோ மேற்புறச் சில செ.மீ. அடுக்கின் வழியாகவோதான் வருகிறது. எனவே மழை உச்சத்தைத் தொட்ட கொஞ்ச நேரத்திலேயே ஓடையும் உச்சத்துக்கு ஏறுகிறது, மழை விட்டதும் அதே வேகத்தில் இறங்குகிறது.

இதற்குக் காரணம் பீட்டின் உள்ளமைப்பு. மேலே உயிருள்ள பாசியும் வேரும் புதிய சருகும் கலந்த மெல்லிய அடுக்கு ஒன்று இருக்கிறது. அதில் துளைகள் பெரியவை, நீர் எளிதில் ஊடுருவி ஓடும், மட்டம் ஏறி இறங்குவதும் அதற்குள்தான். அதற்குக் கீழே, எப்போதும் நீரில் ஊறி, தன் எடையாலேயே அமுங்கிப்போன தடித்த அடுக்கு இருக்கிறது. அங்கே துளைகள் மிக நுண்ணியவை, நீர் அசைவதே அரிது. கீழடுக்கில் நீர் நிறையவே இருந்தாலும் அது வெளியே வராது, புதிய நீரும் உள்ளே போகாது. கோடையில் சிறுகச் சிறுக விடும் என்ற நம்பிக்கையும் இங்கே பொய்த்துப் போகிறது. மழைநீரை மட்டுமே நம்பியுள்ள இத்தகைய மேட்டுப் பீட்டிலிருந்து பிறக்கும் ஓடைகளில், சில வாரம் மழை இல்லாவிட்டால் நீர் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. பள்ளத்தாக்குகளில் ஊற்றுநீர் வரத்துள்ள பீட் நிலங்களின் கதை வேறு. கோடையில் மட்டம் இறங்கி, முதல் வெள்ளத்துக்கு இடம் கொடுக்கும் நிலங்கள் அவற்றில் உண்டு. எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடக்கிப் பேசுவதால்தான் குழப்பம் பெருகுகிறது.

கணக்குப் போட்டால் இன்னும் தெளிவாகும். நீர்மட்டம் 10 செ.மீ. ஆழத்தில் இருப்பதாகவும், அந்த 10 செ.மீ. அடுக்கில் பாதி இடம் காலியாக இருப்பதாகவும் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 5 செ.மீ. மழையில் அது நிறைந்துவிடும். அதற்குப் பிறகு விழும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் ஓடைக்குரியது. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 41 செ.மீ. பெய்தது. எங்கள் மாவட்டம் ஓர் ஆண்டில் சராசரியாகப் பெறும் மழையில் அது ஏறத்தாழப் பாதி. ஓர் ஏக்கருக்கு 16 லட்சம் லிட்டருக்கு மேல்! எந்தப் பஞ்சும் அதன் முன் நிற்காது.

பீட் நிலத்துக்கும் வெள்ளத்துக்கும் தொடர்பே இல்லை என்று இதிலிருந்து முடிவு கட்டிவிட முடியாது. நல்ல நிலையில் இருக்கும் பீட்டே இவ்வளவு விரைவாக நீரை விடுகிறது என்றால், கெட்டுப்போன பீட் என்ன செய்யும் என்பதுதான் அடுத்த கேள்வி. இதில் ஆய்வாளர்களே நெடுங்காலம் ஒருவருக்கொருவர் முரண்பட்டார்கள்.

பிரிட்டனில் இரண்டாம் உலகப் போருக்குப் பின், மேட்டு நிலங்களை மேய்ச்சலுக்கு ஏற்றதாக்க அரசு மானியம் கொடுத்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு வடிகால் வெட்டச் செய்தது. வடிகால் வெட்டினால் வெள்ளம் கூடுமா, குறையுமா? மூர் ஹவுஸில் கான்வே, மில்லர் இருவரும் 1960இல் வெளியிட்ட ஆய்வு, வடிகால் வெட்டிய நிலத்திலிருந்து நீர் இன்னும் வேகமாக, இன்னும் உயர்ந்த உச்சத்தோடு வருகிறது என்றது. அயர்லாந்தின் கிளெனமோயில் பர்க் என்பவர் அளந்தபோது நேரெதிர் விடை கிடைத்தது. அங்கே வடிகால் வெட்டிய நிலம்தான் மழையை அதிகம் தாங்கி, மெதுவாக விட்டது. இரண்டுமே உண்மையான அளவீடுகள். வடிகால் ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது என்பதுதான் பின்னால் தெளிந்த விளக்கம். அது நீர்மட்டத்தை இறக்கி, மழைக்குக் காலி இடத்தை உண்டாக்குகிறது. கூடவே, தரைமேல் பரவித் தவழ வேண்டிய நீருக்கு நேர்வழி போட்டு ஓடையில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. கீழடுக்கில் நீர் அசையாத மண்ணில், அகலமான இடைவெளி விட்டு வெட்டினால், வடிகாலுக்கு இரு பக்கமும் சில அடி தூரம்தான் மட்டம் இறங்கும், எனவே காலி இடம் பெரிதாகக் கிடைக்காமல் வேகம் மட்டும் கூடும். நெருக்கமாக வெட்டினால் காலி இடம் கூடி, வேகத்தை அது ஈடுகட்டிவிடலாம். எந்த இடத்தில் வெட்டுகிறோம், சரிவு எவ்வளவு, வடிகால் ஓடையை நோக்கி நேராகப் போகிறதா என்பவையும் விடையை மாற்றுகின்றன.

இந்த முரண்பாட்டைப் படித்த அன்று எனக்கு உண்மையிலேயே பெரிய மகிழ்ச்சி ஏற்பட்டது. எங்கள் ஊர்களில், கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலை ஆழமாக்குவது குறித்து எழும் சண்டைகளும் இதே வடிவத்தில்தான் இருக்கின்றன. மேலூர்க்காரர் நல்லது என்பார், கீழூர்க்காரர் கெட்டது என்பார். இருவரும் தத்தம் இடத்தில் கண்டதைத்தான் சொல்கிறார்கள்.

பீட் ஆய்வுகளில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதற்கு அடுத்த கட்டம். மான்செஸ்டர் நகருக்கு அருகிலுள்ள கிண்டர் ஸ்கௌட் மேட்டில், தொழிற்சாலைப் புகையாலும் காட்டுத்தீயாலும் அளவுமீறிய மேய்ச்சலாலும் பாசியும் புல்லும் அழிந்து, கரிய பீட் மொட்டையாகக் கிடந்தது. மழை அதில் ஆழமான அரிப்புப் பள்ளங்களை உண்டாக்கியிருந்தது. அங்கே சுண்ணாம்பும் உரமும் போட்டுப் புல் விதைத்து, பின்னர்ப் பாசியும் நட்டு, சில பள்ளங்களில் கல்லாலும் மரத்தாலும் சிறு தடுப்புகளும் கட்டினார்கள். எதுவும் செய்யாமல் விட்ட பக்கத்து ஓடையோடு ஒப்பிட்டு அளந்தபோது, செடி மூடிய நிலத்தில் ஓடையின் உச்சப் பெருக்கு குறைந்திருந்தது, மழையின் உச்சத்துக்கும் ஓடையின் உச்சத்துக்கும் இடைப்பட்ட நேரம் நீண்டிருந்தது. தடுப்புகளும் சேர்ந்த இடத்தில் பலன் இன்னும் கூடியது. ஆனால் ஒரு மழைக்கு ஓடைக்கு வந்து சேர்ந்த மொத்த நீர் பெரிதாகக் குறையவில்லை. மீட்கப்பட்ட நிலம் மழையைக் கூடுதலாகக் குடிக்கவில்லை. அதே நீரைத் தாமதப்படுத்தி அனுப்பியது, அவ்வளவுதான். அந்தத் தாமதமே கீழேயுள்ள ஊருக்குப் போதுமானதாக இருந்துவிடலாம்.

தாமதம் தரையின் சொரசொரப்பால் வருகிறது. ஸ்பேக்னம் பாசி அடர்ந்த தரையில் மழைநீர் ஓடும் வேகம், மொட்டைப் பீட்டில் ஓடும் வேகத்தைவிட மிகக் குறைவு என்று ஹோல்டன் குழுவினர் 2008இல் அளந்து காட்டினார்கள். பின்னர்க் கணினி மாதிரிகளில் இன்னொரு செய்தியும் தெரியவந்தது. அடர்ந்த செடிப்போர்வை ஓடைகளின் இரு கரையை ஒட்டிய பட்டைகளில் இருந்தால், அதே பரப்புள்ள போர்வை வேறிடத்தில் இருப்பதைவிட உச்சப் பெருக்கை அதிகம் குறைக்கும். தாமதத்திலும் எச்சரிக்கை வேண்டும். இரண்டு கிளை ஓடைகள் தனித்தனி நேரத்தில் வந்துகொண்டிருக்கும்போது, முந்தி வரும் ஓடையைத் தாமதப்படுத்தினால் இரண்டின் உச்சமும் ஒன்றாக வந்து சேரும் ஆபத்து உண்டு. கண்மாய்ச் சங்கிலிகளில் மேல்கண்மாய்க் கலுங்கு எப்போது பாய்கிறது என்பதைக் கீழ்கண்மாய்க்காரர்கள் ஏன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கவனித்தார்கள் என்பதற்கும் இதுவே விளக்கம்.

வெப்பமண்டலப் பீட் நிலத்தின் அழிவு இன்னொரு பாடம். இந்தோனேசியாவின் மத்திய கலிமந்தானில் ஏறத்தாழ 10 லட்சம் ஹெக்டேர் பீட் காட்டை நெல்வயலாக்கும் பெருந்திட்டத்தை 1996இல் தொடங்கி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கால்வாய் வெட்டினார்கள். நெல் விளையவில்லை. 1997இன் வறட்சியில் காய்ந்த பீட் பற்றி எரிந்தது. காய்ந்த பீட் காற்றோடு சேர்ந்து சிதைந்து மறைந்துபோவதால் தரையே ஆண்டுக்குச் சில செ.மீ. வீதம் இறங்குகிறது. ஆற்றுமட்டத்தையும் கடல்மட்டத்தையும் ஒட்டி இறங்கிவிட்ட தரையிலிருந்து மழைநீர் தானாக வடிய வழியில்லை. வடிகால் வெட்டிய நிலமே கடைசியில் வெள்ளக்காடாகிறது. கிழக்கு இங்கிலாந்தின் ஹோம் ஃபென்னில், 1851 வாக்கில் ஒரு பெரிய ஏரியை வற்றவைத்தபோது, உச்சி தரைமட்டத்தில் இருக்குமாறு ஓர் இரும்புக் கம்பத்தைப் புதைத்தார்கள். இன்று அந்தக் கம்பம் ஏறத்தாழ 4 மீட்டர் வெளியே நிற்கிறது. சுற்றியுள்ள தரை கடல்மட்டத்துக்குக் கீழே இருப்பதால் எந்திரம் வைத்து நீரை இறைக்க வேண்டியிருக்கிறது.

இனி எங்கள் கரைக்கு வருகிறேன். மழைநீர் தரைமேல் ஓடுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. மழை விழும் வேகத்துக்கு மண்ணால் உறிஞ்ச முடியாவிட்டால் ஓடும் என்று ராபர்ட் ஹார்ட்டன் 1933இல் விளக்கினார். மண் அடியிலிருந்தே நிறைந்து இடமில்லாமல் போனாலும் ஓடும் என்று அமெரிக்காவின் வெர்மான்ட் மலைச்சரிவில் டன், பிளாக் இருவரும் 1970இல் அளந்து காட்டினார்கள். பீட் நிலத்தில் நடப்பது பெரும்பாலும் இரண்டாவது. எங்கள் மாவட்டத்தில் இரண்டும் உண்டு. உள்நாட்டுக் களிமண் நனைந்து உப்பி வெடிப்புகள் மூடிக்கொண்டதும், வேகமான மழை அதில் இறங்காமல் ஓடுகிறது. கடற்கரை மணலிலும் ராமேஸ்வரம் தீவிலும், மணல் எவ்வளவு வேகமான மழையையும் வாங்கிக்கொள்ளும், ஆனால் உப்புநீரின் மேல் மிதக்கும் நன்னீர் மட்டம் தரைக்கு அருகிலேயே இருப்பதால் தாழ்ந்த இடங்கள் அடியிலிருந்து நிறைந்துவிடுகின்றன. மணல்தானே, நீர் நிற்காது என்று நம்பித் தாழ்வில் வீடு கட்டுகிறவர்கள் இதை அறிந்துகொள்ள வேண்டும்.

கண்மாய் பீட் நிலத்திலிருந்து ஒரு வகையில் வேறுபடுகிறது, அந்த வேறுபாடு நமக்குச் சாதகமானது. கண்மாய் நிறைந்து கலுங்கு பாயத் தொடங்கிய பிறகும், அதன் பரப்பு அகலமாக இருப்பதால், வெள்ளத்தைச் சிறிது நேரம் பிடித்துவைக்க அதனால் முடியும். 10 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள நீர்ப்பரப்பில் மட்டம் ஒரு செ.மீ. உயர்ந்தால் 10 கோடி லிட்டர் நீர் அங்கே தங்குகிறது. கலுங்கின் மேல் அந்த ஒரு செ.மீ. கூடியதற்கு ஏற்ப மட்டுமே மறுகால் கூடும். “நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை” என்று சொல்லப்படும் ராஜசிங்கமங்கலம் கண்மாயும், வைகை வந்து சேரும் ராமநாதபுரம் பெரிய கண்மாயும் கடலுக்குப் போகும் வெள்ளத்தைத் தணித்து அனுப்பியதில், அவற்றின் ஆழத்தைவிட இந்த அகலத்துக்கே பங்கு அதிகம் என்று நான் கருதுகிறேன். கண்மாயின் உள்வாயில் கரம்பை அள்ளி ஆழப்படுத்திவிட்டு, ஓரப் பரப்பை வீட்டுமனைக்கும் சாலைக்கும் விட்டுக்கொடுத்தால், கொள்ளளவு கணக்கில் குறையாமல் இருக்கலாம், வெள்ளத்தைத் தணிக்கும் ஆற்றல் போய்விடும்.

சொரசொரப்பைப் பற்றியும் யோசிக்க வேண்டும். தூர்வாரும்போது கோரையும் சம்பும் சீமைக்கருவேலமும் ஒன்றாகவே வழிக்கப்படுகின்றன. குறுகிய வரத்துக்காலுக்குள் சீமைக்கருவேலம் புதராக நின்றால் நீர் தடைபட்டுக் கரை உடைத்துப் பக்கத்து வயலுக்குள் பாயும். அதை எடுத்தே ஆக வேண்டும். ஆனால் நீர்ப்பிடிப்பின் பரந்த சரிவிலும், வரத்துக்கால் கண்மாய்க்குள் விரிந்து சேரும் முகப்பிலும் கோரையும் புல்லும் இருந்தால், அங்கே நீர் பரவித் தவழ்ந்து வண்டலையும் விட்டுவிட்டு வருகிறது. கிண்டர் ஸ்கௌட்டில் பாசி செய்த வேலையை இங்கே இவை செய்யும். ஊரார் சேர்ந்து கண்மாயைப் பராமரிக்கும் குடிமராமத்து 2017இல் மீண்டும் தொடங்கியபோது பல கண்மாய்களில் பொக்லைன் எந்திரம் எல்லாவற்றையும் ஒரே வீச்சில் எடுத்துவிட்டதைப் பார்த்து மனம் பதைத்தது. எங்கள் மாவட்டப் பறவைச் சரணாலயங்களில் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022இலும், சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் 2025இலும் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்துள்ளன. பறவைகளுக்காக அங்கே விட்டுவைக்கப்பட்ட மரமும் கோரையும் நீரோட்டத்துக்கும் என்ன செய்கின்றன என்று யாராவது அளக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

எங்கள் கண்மாயில் அதற்கான வேலை தொடங்கிவிட்டது. கலுங்கின் பக்கச்சுவரில் செ.மீ. கோடுகள் தீட்ட ஆயக்கட்டுக்காரர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்தின் மாடியில் ஒரு மழைமானி வைக்கிறோம். ஐப்பசி மழை பிடித்ததும், மழை எந்த மணிக்கு உச்சத்தைத் தொட்டது, கலுங்கில் நீர் எந்த மணிக்கு உச்சத்தைத் தொட்டது என்ற இரண்டையும் ஒரே நோட்டில் எழுதிவருவோம். கோரையை விட்டுவைத்த எங்கள் வரத்துக்காலையும், முழுதாக வழிக்கப்பட்ட பக்கத்து ஊர் வரத்துக்காலையும் அந்த இடைவெளியை வைத்தே ஒப்பிட உத்தேசம். பக்கத்து ஊர் நீர்பாய்ச்சியும் தன் கலுங்கில் கோடு போடச் சம்மதித்திருக்கிறார்.